மேல் வீட்டுக் குளியலறை கீழே சொட்டுகிறது: டைல்ஸை உடைக்கும் முன் எந்தக் குழாய் என்று பிடியுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: 1990களில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு, 12 வீடுகள். சுவருக்குள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், சில வீடுகளில் பின்னால் சி.பி.வி.சி. (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) மாற்றியிருக்கிறார்கள். முதல் மாடி வீட்டின் குளியலறைக் கூரையில் இரண்டு மாதமாக ஈரம், சொட்டு, காரை பெயர்கிறது. மேல் வீட்டுத் தரை முழுவதையும் உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். "எங்கள் வீட்டில் ஒரு குழாயும் ஒழுகவில்லை" என்கிறார் மேல் வீட்டுக்காரர். எங்கிருந்து தொடங்குவது?

உடைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு குளியலறையில் தண்ணீர் கசிய நான்கு இடங்கள்தான் உண்டு: குளிர்நீர் வரும் குழாய், வெந்நீர்க் குழாய், கழிவுநீர் வெளியேறும் குழாய், குழாயே இல்லாமல் தரை. முதல் இரண்டிலும் எப்போதும் அழுத்தம் இருக்கும்; யாரும் குளிக்காவிட்டாலும் கசியும். மற்ற இரண்டும் புழங்கினால்தான் கசியும். இந்த வித்தியாசத்தை வைத்தே பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க் குளியலறைத் தளத்தை ஓர் அடி, ஒன்றரை அடி பள்ளமாக இறக்கி, குழாய் ஓட்டி, செங்கல் உடைசலால் நிரப்பி மேலே டைல்ஸ் போட்டிருப்பார்கள். ஐந்தடிக்கு ஏழடி அறை, ஓர் அடி நிரப்பு என்று வையுங்கள். அதில் கால்பங்கு வெற்றிடம் என்றாலும் 240 லிட்டருக்குமேல் தண்ணீர் சத்தமில்லாமல் தேங்கும். தேங்கியது நிதானமாக இரவும் பகலும் இறங்கும். "எப்போதும் சொட்டுகிறது, அதனால் பிரஷர் லைன்தான்" என்று அடித்துச் சொல்பவரை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். மேல் வீட்டார் ஊருக்குப் போய் நான்கைந்து நாளில் சொட்டு குறைந்தால் கழிவு அல்லது தரை. குறையவே இல்லையென்றால் தண்ணீர் வரும் குழாய் மேல் சந்தேகத்தைத் திருப்புங்கள். ஊருக்குப் போகும்போது வால்வை மூடிவிட்டுப் போனார்களா என்று கேட்க மறக்காதீர்கள். மூடியிருந்தால் அந்தச் சாட்சி செல்லாது.

காத்திருக்க முடியாதென்றால் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். 0 முதல் 4 கிலோ (சதுர செ.மீ.க்கு) வரை காட்டும் சிறிய கேஜ் போதும். அரை இஞ்ச் மரைக்கு மாற்றும் அடாப்டரோடு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாஷிங் மெஷின் குழாயிலோ ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக்கிலோ (சுவரில் இருக்கும் சிறு அடைப்பு வால்வு) அதை மாட்டலாம். தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால் அழுத்தம் ஏறக்குறைய 1 கிலோ. மாடித் தொட்டியின் நீர்மட்டம் அந்தக் குழாய்க்கு 6 மீட்டர் மேலே இருந்தால் கேஜ் 0.6 காட்ட வேண்டும். பிறகு அந்த வீட்டுக்கு வரும் வால்வை மூடுங்கள். மூடியது உண்மையில் மூடியதா என்று ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். பழைய கேட் வால்வு (திருகத் திருக உள்ளே ஒரு தகட்டுக் கதவு இறங்கி அடைப்பது) முழுக்க இறங்கிய மாதிரி இருக்கும், விரல் பருமனில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியானால் சோதனை பொய் சொல்லும். ஃபிளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கையும் மூடுங்கள், சொட்டுகிற குழாய் எதுவும் இருக்கக் கூடாது. இத்தனையும் சரியென்றால் அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் வரும் குழாய்கள் சுத்தம். சுழியத்துக்கு இறங்கினால் சுவருக்குள் எங்கோ ஓட்டை.

முள் இறங்கினால் அடுத்த கேள்வி, குளிர்நீரா வெந்நீரா என்பது. கீசருக்குள் தண்ணீர் நுழையும் ஆங்கிள் காக்கையும் வெளியே வரும் பக்கத்தையும் மூடிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது முள் நின்றால் குற்றம் கீசர் பக்கம். ஒற்றைக் கைப்பிடி மிக்சர், டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்புவது) இருக்கும் வீட்டில் மட்டும் கவனம். உள்ளே தண்ணீரைக் கலக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தால் குளிர்நீர் வெந்நீர்ப் பக்கம் கடந்து போகும், இரண்டு லைனும் ஒன்றாகவே நடந்துகொள்ளும்.

தனி வீட்டுக்காரர்களுக்குக் கேஜ்கூட வேண்டாம். இரவு மோட்டாரை நிறுத்தித் தொட்டியில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, காலையில் யாரும் தொடுமுன் பார்க்கலாம். 110 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 9.5 லிட்டர் போயிருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே தொட்டி என்றால் இந்த வழி பலிக்காது.

முள் நின்றுவிட்டது, கூரை இன்னும் சொட்டுகிறது என்றால் தரைப் பக்கம் வாருங்கள். தரைத் துளையின் ஜாலியை எடுத்து, பாலித்தீன் பையில் சுற்றிய துணியாலோ ரப்பர் டெஸ்ட் பிளக்காலோ அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தரைதான் குடிக்கிறது. இறங்காமல், அடைப்பை எடுத்தபின் கீழே சொட்டு கூடினால் ட்ராப்புக்கு (தரைத் துளைக்கடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதி) கீழே உள்ள குழாய். கழிப்பறைக் கோப்பை மேல் சந்தேகம் என்றால் அங்கே மட்டும் துணி நீலம் கலந்து ஃபிளஷ் செய்து பார்க்கலாம். கீழே நீலம் வந்தால் உறுதி. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமில்லை. செங்கல் உடைசல் வழியாக இறங்கும் தண்ணீரில் சாயம் வழியிலேயே தங்கிவிடலாம்.

இந்தச் சோதனைகளை முறையாகச் செய்தால், குழாய் ஒழுகல் என்று கூப்பிடும் வேலைகளில் கணிசமானவை குழாயே இல்லை என்று தெரியவரும். ட்ராப்பின் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கோப்பையின் அடிப்பகுதி, சுவரும் தரையும் சேரும் மூலை ஆகியவைதான் வழக்கமான வழிகள். வெள்ளை சிமெண்ட் அடைத்திருப்பார்கள், அது சுருங்கி மயிரிழை விரிசல் விட்டிருக்கும். ட்ராப்பைச் சுற்றி 2 செ.மீ. ஆழம் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, சுருங்காத கிரவுட்டால் நிரப்பி, டைல்ஸ் இடுக்குகளை 3 மி.மீ. ஆழமாவது சுரண்டி எபாக்சி கிரவுட் போட்டால், பல வீடுகளில் ஒரு டைல்ஸ்கூட உடையாமல் முடியும். எபாக்சி ஈர இடுக்கில் ஒட்டாது. இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பூட்டி வைக்க மனமில்லாவிட்டால் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

இனி குழாய்தான் என்று உறுதியானால்.

ஜி.ஐ. குழாய் ஏன் எப்போதும் இணைப்பிலேயே ஒழுகுகிறது? நடுத்தர வகை, அதாவது நீலப் பட்டை போட்ட அரை இஞ்ச் குழாயின் கனம் 2.6 மி.மீ. அதில் வெட்டும் மரையின் ஆழம் ஏறக்குறைய 1.16 மி.மீ. ஆக மரையின் அடியில் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ.கூட இல்லை, மேலே இருந்த துத்தநாகப் பூச்சும் வெட்டோடு போய்விட்டது. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் துரு முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். மஞ்சள் பட்டை மெல்லிய குழாயைப் போட்ட கட்டடங்களில் இன்னும் சீக்கிரம். இதற்கு மேல், புவியீர்ப்பில் வரும் தண்ணீருக்காகப் போட்ட பழைய லைனில் யாராவது பிரஷர் பம்ப் மாட்டினால், துருவே அடைப்பாக நின்ற ஓட்டைகளெல்லாம் திறந்துகொள்ளும். மேல் வீட்டில் அண்மையில் பிரஷர் பம்ப் வைத்தார்களா என்று விசாரியுங்கள்.

வெளியே தெரியும் ஜி.ஐ. குழாயில் ஊசித்துளை என்றால் ரப்பர் வைத்த ரிப்பேர் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்குவதும் அதே தத்துவம்தான், ஒரு வாரம் தாங்கும். எபாக்சி புட்டியை இரண்டு பாகமும் சம அளவில் பிசைந்து, நிறம் ஒரே சீராக வந்தபின் ஒட்ட வேண்டும். தண்ணீர் நின்று, குழாயை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, காய்ந்த பிறகுதான் அது பிடிக்கும். சொட்டிக்கொண்டிருக்கும்போது மேலே அப்பினால் உள்ளே தண்ணீர் வழி உண்டாக்கிக்கொள்ளும். இவை எல்லாம் ஆள் வரும்வரைக்கான ஏற்பாடு.

முறையான வேலை என்றால் துருப்பிடித்த துண்டை வெட்டி எடுக்க வேண்டும். நடுத்துண்டைக் கழற்ற முடியாது, ஏனென்றால் ஒரு முனையில் தளர்த்தினால் மறு முனையில் இறுகும். ஹாக்சா பிளேடால் வெட்டி, இரு பக்கமும் கழற்றி, புதிதாக மரை போட்டு, நடுவில் யூனியன் (குழாயைச் சுழற்றாமலே இரு முனையைச் சேர்க்கும் இணைப்பு) வைத்துச் சேர்ப்பதுதான் வழி. எல்லாரும் செய்யும் தவறு, ஒரே ஒரு பைப் ரெஞ்ச் வைத்துத் திருகுவது. ஒன்றால் ஃபிட்டிங்கைத் திருப்பும்போது இன்னொன்றால் குழாயைப் பிடிக்காவிட்டால், முறுக்கு சுவருக்குள் இருக்கும் அடுத்த எல்போவுக்கு (வளைவு இணைப்புக்கு) போய் அங்கே முறியும். ஒரு ஒழுகல் இரண்டாகும்.

முப்பது வருட ஜி.ஐ. லைன் சுவருக்குள் ஒழுகுகிறது என்றால் நான் ஒட்டுப்போடச் சொல்ல மாட்டேன். ஒரு துண்டை மாற்றினால் பக்கத்துத் துண்டு அடுத்த மழைக்குள் வாயைத் திறக்கும். பழைய லைனை இரு முனையிலும் பிளக் போட்டு அடைத்துச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, டக்டிலிருந்து (பொதுக் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடுக்கு) புதிய சி.பி.வி.சி. லைனைச் சுவருக்கு வெளியே, கூரைக்குச் சற்றுக் கீழே ஓட்டுவது உடைப்பும் குறைவு, அடுத்த தடவை கண்ணுக்கும் தெரியும். அழகில்லை என்று மறுப்பார்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துக்கொள்ளலாம். வெளியே ஓடும் குழாயைக் கிடைமட்டத்தில் 90 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போட்டுத் தாங்குங்கள், ஆனால் நெரிக்காதீர்கள். 3 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 40 டிகிரி சூடேறினால் 7 மி.மீ.க்கு மேல் நீளும். அது நகர இடம் வேண்டும். வெயில் படும் இடத்தில் தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் பெயிண்ட் அடியுங்கள், ஆயில் பெயிண்ட் வேண்டாம்.

மேல் வீட்டில் ஏற்கெனவே சி.பி.வி.சி. என்றால் கதை வேறு. இந்தக் குழாய் தானாகத் துருப்பிடிக்காது. ஆணி அடித்தது, டிரில் போட்டது, ஒட்டும்போது சொல்யூஷன் வறண்டிருந்தது, பித்தளை மரையை அளவுக்கு மேல் இறுக்கி ஃபிட்டிங் விரிசல் விட்டது, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இன்னொரு வகையும் உண்டு. கீசருக்குக் குளிர்நீர் போகும் கடைசி இரண்டடிக்குக் காசை மிச்சம் பிடிக்க வெந்நீர் தாங்காத வெள்ளை யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டிருப்பார்கள். நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் வெந்நீர் அதற்குள் திரும்பி வரும், குழாய் இளகித் தொங்கி இணைப்பு விலகும். அங்கே பழுது பார்ப்பது வீண், அந்தத் துண்டையே சி.பி.வி.சி.யாக மாற்றி வால்வு போடுங்கள்.

பதித்த குழாயில் துண்டு மாற்றுவது ஒட்டுவதைவிட இடம் சம்பந்தப்பட்ட வேலை. முக்கால் இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 22.2 மி.மீ., ஃபிட்டிங்குக்குள் அது ஏற வேண்டிய ஆழம் சுமார் 18 மி.மீ. இரு முனையும் சுவரில் பிடித்திருக்கும்போது நடுத்துண்டை உள்ளே நுழைக்க, ஏதாவது ஒரு முனை 18 மி.மீ. விலகிக் கொடுக்க வேண்டும். ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் மட்டும் உடைத்துவிட்டு, "எப்படியோ நுழைத்தேன்" என்று பாதி ஆழத்தில் ஒட்டிய இணைப்புதான் ஆறு மாதத்தில் திரும்பக் கூப்பிடும். ஓட்டைக்கு இரு பக்கமும் குறைந்தது ஓர் அடி, ஒன்றரை அடி குழாயை விடுவியுங்கள். கைக்கு வளைந்து கொடுத்தால்தான் போதும் என்று அர்த்தம்.

வெட்டியபின் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் முழுக்க வடியட்டும். கீழ் மட்டக் குழாயைத் திறந்து விட்டாலும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு நின்றால்தான் சொல்யூஷன். உள் பிசிறைக் கத்தியால் எடுத்து, வெளி விளிம்பைச் சற்றுச் சரித்து, துணியால் துடைத்து, இரு கப்ளரையும் (குழாய் முனைகளைச் சேர்க்கும் ஃபிட்டிங்) ஒட்டாமல் மாட்டி அளவு பாருங்கள். புதுத்துண்டின் நீளம், வெட்டிய இடைவெளியைவிடக் கப்ளர்களின் நடுத்தடுப்புக் கனம் அளவுக்கு, மொத்தம் 4 முதல் 6 மி.மீ. வரை, குறைவாக இருக்க வேண்டும். 18 மி.மீ. ஆழத்தைக் குழாய் மேல் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சி.பி.வி.சி.க்கு உரிய சொல்யூஷனைக் குழாய் மேல் தாராளமாகவும் ஃபிட்டிங்குக்குள் மெல்லிசாகவும் தடவி, கால் சுற்று திருப்பிக்கொண்டே குறிவரை அழுத்தி, 30 விநாடி கையை எடுக்காமல் பிடியுங்கள். விட்டால் அது மெல்லப் பின்னால் வரும். ஃபிட்டிங் வாயைச் சுற்றி முழு வளையமாகச் சொல்யூஷன் பிதுங்கியிருக்க வேண்டும். வளையம் விட்ட இடம் ஒழுகும் இடம். டப்பாவில் பாகு கெட்டியாக நூல் விட்டால் தின்னர் ஊற்றாதீர்கள், தூக்கிப் போடுங்கள். குளிர்நீர் லைனைச் சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கடந்தபின் திறக்கலாம், வெந்நீரை 24 மணி நேரம் விடவேண்டாம்.

புதுத்துண்டு எஸ்.டி.ஆர். 11 (வெளிவிட்டம் சுவர்க்கனத்தைப்போல் 11 மடங்கு) ஆக இருக்கட்டும். குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும். முக்கால் இஞ்ச் யு.பி.வி.சி. 26.7 மி.மீ. விட்டம் கொண்டது, அதைச் சூடாக்கி விரித்தோ சுருக்கியோ சி.பி.வி.சி.யோடு ஒட்டுவதைச் சிலர் கைவேலையாகச் செய்வார்கள், தங்காது. இரண்டையும், அல்லது ஜி.ஐ.யையும் சி.பி.வி.சி.யையும், பித்தளை மரை வைத்த எம்.டி.ஏ. (வெளிமரை அடாப்டர்), எஃப்.டி.ஏ. (உள்மரை அடாப்டர்) மூலம்தான் சேர்க்க வேண்டும். அங்கே டெஃப்லான் டேப்பை மரை திரும்பும் திசையிலேயே 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள், கையால் இறுகியபின் ஒன்று, ஒன்றரைச் சுற்று ரெஞ்சால் போதும். ஜி.ஐ.க்குப் போடும் நூலும் எண்ணெய்ப் பெயிண்டும் சி.பி.வி.சி. பக்கம் வரவே கூடாது, எண்ணெய் அந்தப் பிளாஸ்டிக்கில் விரிசல் விடச் செய்யும்.

மூடுமுன் சோதனை. கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பை மாட்டி, கீசரையும் டைவர்ட்டரையும் லைனிலிருந்து பிரித்து பிளக் போட்டு, உயரமான குழாயைத் திறந்து உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, 6 கிலோவுக்கு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். காற்று மிச்சமிருந்தால் அது பஞ்சுபோல் அமுங்கி முள்ளை ஏமாற்றும், இணைப்பு விட்டால் வெடியும் வெடிக்கும். முள் நின்ற பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம். காடி (குழாய்க்காகச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்டிய இடத்தில் கோழி வலை வைத்து ஒன்றுக்கு நாலு கலவையால் பூசினால் விரிசல் விடாது. நாலரை அங்குலச் சுவரில் குறுக்காகக் காடி வெட்ட விடாதீர்கள். சுவர் கனத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 19 மி.மீ.க்கு மேல் ஆழம் கூடாது என்பது கட்டுமான விதி. முக்கால் இஞ்ச் குழாயே 22 மி.மீ. பீம், தூண் பக்கம் சிப்பிங் மெஷின் போகவே கூடாது.

பொதுக் குழாய் சம்பந்தப்பட்டால் வேலை வீட்டோடு முடியாது. டக்டில் இறங்கும் 110 மி.மீ. கழிவுக் குழாயில் பெரும்பாலும் டீ (மூன்று வாய் இணைப்பு), டோர் பெண்ட் (திறக்கும் மூடி வைத்த வளைவு) சேரும் இடம்தான் விடும். வெளிச்சுவராக இருந்தால் இணைப்புக்குப் பக்கத்தில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் கசியும் இடத்தை அது நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். செடியை மேலே மட்டும் வெட்டினால் வேர் குழாய்க்குள் தடித்து இணைப்பைப் பிளக்கும். அந்த ஃபிட்டிங்கையே கழற்றி வேரோடு எடுக்க வேண்டும். வெட்டும் முன் மேலே நிற்கும் குழாயைக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாடிக் குழாயின் பாரம் கையில் இறங்கும். மேல் வீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் நாளே சொல்லுங்கள், வேலை நடக்கும்போது மொட்டை மாடியில் அந்த வரிசையின் வால்வையும் மூடுங்கள். சொன்னதை மறந்து ஃபிளஷ் செய்பவர் ஒருவராவது இருப்பார். ரப்பர் வளைய இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, எண்ணெயோ கிரீஸோ இல்லாமல், முழுக்க உள்ளே தள்ளிப் பிறகு 10 மி.மீ. பின்னால் இழுத்து விடுங்கள். குழாய் நீள்வதற்கான இடம் அது. கிடைமட்டத் துண்டுக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு.

மொட்டை மாடி கேட் வால்வுகளைப் பலத்தைக் காட்டித் திருகாதீர்கள். தண்டு முறிந்தால் கதவு பாதியில் விழுந்து ஒரு வரிசை முழுக்கத் தண்ணீரில்லாமல் போகும். எப்படியும் தொட்டியைக் காலி செய்யும் நாளில் அவற்றைக் கால் சுற்றில் மூடும் பால் வால்வாக மாற்றி, எது எந்த வீட்டுக்கு என்று பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

கடைசியாகக் கீழ் வீட்டுக் கூரை. பழுது சரியானாலும் நிரப்பில் தேங்கிய தண்ணீர் இரண்டு, மூன்று வாரம்கூட இறங்கலாம், அதனால் மறுநாளே "இன்னும் சொட்டுகிறது" என்று சண்டைக்குப் போக வேண்டாம். டக்ட் பக்கச் சுவரில் பள்ளத் தளத்துக்கு வடிகால் துளை இருந்தால் அடைப்பு எடுத்துவிடுங்கள், சீக்கிரம் வடியும். வாரம் ஒருமுறை சாக்பீஸால் ஈர விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு வாருங்கள். கோடு உள்நோக்கிச் சுருங்கினால் வேலை பலித்தது. முழுக்கக் காய்ந்த பிறகு தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, தெரியும் கம்பியின் துருவை ஒயர் பிரஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பூசலாம். கம்பி கால்பங்குக்கு மேல் இளைத்திருந்தால் பூச்சு வேலையைத் தொடங்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.